பூட்டியின் முகத்தில் ஏன் பச்சை?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் கையில் எடுத்தது கொஞ்சம்தான். அடையாள அட்டை, நகை, பிள்ளைகளின் சேர்ட்டிபிக்கற். சில வீடுகளில் ஒரு படமும். அப்படித் தப்பி வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றைக்கு ஸ்காபரோவில் எத்தனையோ அலுமாரிகளுக்குள் இருக்குது. எங்கட வீட்டிலும் ஒன்று உண்டு. என்ர அம்மம்மா கல்யாணம் முடித்த புதிதில் ஸ்ரூடியோவில் எடுத்தது. அவவுக்கு வேறு படமில்லை.

திவசத்துக்கு வைக்க அதைப் பெரிதாக்கி வீட்டு பிரின்ரரில் எடுத்தோம். அம்மம்மா பச்சையாக வந்தா. பக்கத்தில் நின்ற என்ர மகள், "பூட்டிக்கு வருத்தமோ?" என்று கேட்டாள். அவளுக்குப் பூட்டி என்றால் அந்தப் படம்தான். அதனால் இதைச் சரியாக்காமல் விட மனமில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை, ஊதா, நீலம் தட்டினால் காரணம் அனேகமாக நாலு இடத்தில் இருக்கும்: ஸ்கான், மை, தாள், வெளிச்சம். எது என்று பாராமல் கொம்பியூட்டரில் நிறத்தைக் கூட்டிக் குறைத்தால் தாளும் மையும்தான் வீண்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கோ. கறுப்பிலிருந்து வெள்ளை வரை பத்துப் படியாக ஒரு சாம்பல் பட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து பிரின்ற் எடுங்கோ. பட்டை சரியாக இருந்து படம் மட்டும் நிறம் தட்டினால் பிழை ஃபைலில். பட்டையும் சேர்ந்து நிறம் மாறினால் பிழை ஃபைலுக்கு வெளியே.

ஃபைலில் என்றால் வேலை சுகம். பழைய படத்தைக் கலரிலேயே 600 டிபிஐயில் ஸ்கான் செய்து, அந்த ஃபைலைத் தொடாமல் வையுங்கோ. அதன் பிரதி ஒன்றில் சிவப்பு சனலை மட்டும் எடுத்து கிரேஸ்கேலாக மாற்றுங்கோ. பழைய படத்தின் மஞ்சள் கறை நீல சனலில்தான் கூடத் தெரியும், சிவப்பில் மிகக் குறைவு. காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

பிழை ஃபைலில் இல்லையென்றால் மையைப் பார்க்க வேணும். பல வீட்டு பிரின்ரர்கள் பளபளப்பான படத்தாளில் சாம்பல் நிறத்தை சயான், மஜென்ரா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உண்டாக்கும். அதில் ஒன்று குறைந்தாலும் சாயல் வந்துவிடும். மஜென்ரா குறைந்தால் பச்சை, சயான் குறைந்தால் சிவப்பு, மஞ்சள் குறைந்தால் நீலம். எங்கட வீட்டில் நொசில் செக் எடுத்தபோது மஜென்ராக் கோடுகள் விட்டு விட்டு வந்தன. ஹெட்டைச் சுத்தம் செய்ததும் பச்சை பெரும்பாலும் போய்விட்டது.

அடுத்தது தாள். நீங்கள் வைத்திருக்கும் தாளைத்தான் பிரின்ரர் செற்றிங்கிலும் தெரிவு செய்ய வேணும். நிறத்தைக் கட்டுப்படுத்துவது மென்பொருளாக இருக்கட்டும், அல்லது பிரின்ரராக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால் சாயல் வரும். கறுப்பு வெள்ளைக்கென்று தனி மோட் இருந்தால் அதைப் போடுங்கோ. சாதாரண பிரின்ரர் என்றால் பளபளப்பில்லாத மற் தாளில் கறுப்பு மையை மட்டும் பாவித்துப் பாருங்கோ. வெளிறிய இடங்களில் கொஞ்சம் புள்ளி தெரியும், ஆனால் நிறம் தட்டாது. சாம்பல் மைகளே தனியாக உள்ள பிரின்ரர்களும் உண்டு. எப்சன் 2005இல் ஆர்2400 பிரின்ரரில் கறுப்பையும் இரண்டு சாம்பலையும் ஒன்றாகக் கொண்டுவந்தது இந்தப் பிரச்சினைக்காகவும்தான்.

கடைசியாக வெளிச்சம். பகலில் சரியாக இருக்கும் படம் இரவில் பல்ப்பின் கீழ் வேறு நிறம் காட்டலாம். 2000இல் வந்த எப்சன் 2000பி பிரின்ரரின் படங்கள் வீட்டுக்குள் நன்றாக இருந்து வெளியே கொண்டுபோனால் பச்சையானது அந்தக் காலத்தில் பெரிய கதை. அச்சுத் துறையில் படம் பார்க்கும் வெளிச்சம் 5000 கெல்வின். எங்கட ஹோல் பல்ப்புகள் அனேகமாக 2700. ஆகவே பிரின்றை ஒரு நாள் காயவிட்டு, மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பகலிலும் இரவிலும் பாருங்கோ. திவசப் படம் என்றால் சாமியறை விளக்கின் கீழேயும் பாருங்கோ.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தக் காலத்துப் படங்கள் சில எடுக்கும்போதே மெல்லிய மண்ணிறமாகக் கழுவப்பட்டவை. அது கறை இல்லை. அப்படியான படத்துக்கு சாம்பல் சரியாக வந்த பிறகு, நீங்களாகவே கொஞ்சம் மண்ணிறம் சேர்க்கலாம்.

வேலை முடிந்ததும் ஃபைலின் பெயரிலேயே ஆள், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கோ. தெரியாததை அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ இப்பவே கேளுங்கோ. நிறத்தைப் பிறகும் திருத்தலாம், பெயரைச் சொல்ல அவையள்தான் இருக்கினம்.