ஆன் பண்ணினா கத்துதா? காதைக் கொடுங்க பாஸ்!

நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன். ராத்திரி 11 மணிக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்றீங்க. உள்ளேயிருந்து ஏதோ ஒரு புதுச் சத்தம்! வழக்கம்போல கேபினட் தலையில ஒரு தட்டு தட்டப் போறீங்களா? பாஸ், கையை எடுங்க. முதல்ல காதைக் கொடுங்க.

காசிமேட்டு விசைப்படகோ, உங்க பைக்கோ... சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்ற மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீங்களே? கம்ப்யூட்டருக்கும் அதே டெக்னிக்தான்.

'பீப்... பீப்...'

ஆன் ஆனதும் ஒரே ஒரு குட்டி பீப் கேட்டா, பெரும்பாலும் 'எல்லாம் ஓ.கே.'னு அர்த்தம். விடாம நீளமா கத்தினா ரேம் மேல சந்தேகப்படலாம். பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு மாறும். மதர்போர்டு மேனுவலைப் பாருங்க. கடற்கரை ஏரியாவுல உப்புக்காத்து வேற! ரேமைக் கழற்றி, அதோட பின்களைத் துடைச்சு மறுபடி மாட்டினாலே சில சமயம் சரியாகிடும்.

'கர்ர்ர்...'

ஃபேன்! ஆன் பண்ணின சில விநாடி மட்டும் வேகமா சுத்தி அடங்கினா கவலை வேண்டாம். சில நிமிஷம் கரகரத்துட்டு அடங்கினா, பேரிங் தேய ஆரம்பிச்சிருக்கலாம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகளுக்கு தூசியைப் பத்தி சொல்லணுமா என்ன? 2011 வரை சென்னைத் துறைமுகத்துலயே நிலக்கரி இறங்கினது. கோர்ட் உத்தரவால அது எண்ணூருக்குப் போச்சு. தூசியும் கூடவே இடம் மாறினதுதான் மிச்சம். கன்டெய்னர் லாரிகள் கிளப்புறது தனி! அதனால மாசம் ஒரு தடவை பவர் கார்டைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷால தூசி தட்டுங்க.

'டிக்... டிக்... டிக்...'

இதுதான் அபாய மணி! ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரே தாளத்துல வர்ற இந்தச் சத்தத்துக்கு, தகவலைப் படிக்கிற 'ஹெட்' தடுமாறுதுனு அர்த்தம். பல டிஸ்க்குகள் நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்தும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தூசித் துகளே அதைவிடப் பெரிசு! அதனால டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற வீரமெல்லாம் வேண்டாம். விண்டோஸ் வந்துட்டா, ப்ராஜெக்ட் ஃபைலை உடனே பென் டிரைவுக்கு மாத்துங்க. பாட்டு, படமெல்லாம் அப்புறம். டிஸ்க்கே தெரியலையா? திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க, மிச்சமும் போயிடும். டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

எந்தப் பாகம்னு தெரியலையா? ஒரு பேப்பரைக் குழல் மாதிரி சுருட்டிக் காதுல வெச்சு, ஒவ்வொரு இடமா கேளுங்க. ஆனா குழலை ஃபேனுக்குள்ள விட்டுடாதீங்க!

'என்கிட்ட எஸ்.எஸ்.டி. இருக்கே, சத்தமே வராதே'னு சிரிக்கிறீங்களா? அதுலதான் ஆபத்தே. பழைய டிஸ்க்காவது 'டிக் டிக்'னு சொல்லிட்டுப் போகும். எஸ்.எஸ்.டி. சொல்லாமலே போயிடலாம். சத்தம் வந்தாலும் வராட்டியும், இன்னிக்கு ராத்திரியே ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத் தூங்குங்க!