வாட்டர் வாஷ் கடையின் இயற்பியல்

பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் மாடித் தொட்டி கீழே குழாயில் தருவது சுமார் 1 பார் அழுத்தம். வாட்டர் வாஷ் கடைத் துப்பாக்கியில் 100 பார்! அதைத் தொட்டியிலிருந்தே பெற வேண்டுமானால், தொட்டியை ஒரு கிலோமீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். ஆனால் நீரின் வேகம் நூறு மடங்காகிவிடாது. அது அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே ஏறும். நொடிக்கு 14 மீட்டர், 140 ஆகும். மணிக்கு 500 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வேகம் எதற்கு? சாதாரண ஹோஸில் வண்டியைக் கழுவினால் சேறு போய்விடும், மெல்லிய தூசிப் படலம் மட்டும் போகாது. உலோகத்தை ஒட்டி ஓடும் நீர் கிட்டத்தட்ட நின்றுவிடுவதே காரணம். வேகம் கூடக்கூட அந்தச் சோம்பல் அடுக்கு மெலிந்து, துகள்மீது நேரடியாக அடி விழுகிறது.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் ‘எத்தனை பார்?’ என்று மட்டும் கேட்டு மெஷின் வாங்குகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் கேட்க வேண்டும். 2 எச்.பி. மோட்டார், இழப்பு போக, 100 பாரில் சுமார் 8 லிட்டர் தள்ளும். 50 பாரில் 16. அழுக்கைப் பெயர்ப்பது அழுத்தம், அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. தரைப் பாசிக்கு முதலாவது வேண்டும். கார் கழுவ இரண்டாவதே மேல் என்பேன்.

அடுத்து நாசில். பிஸ்டன் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு நீரைத்தான் தள்ளுகிறது. அழுத்தத்தை உண்டாக்குவது முனையிலுள்ள சிறு துளையின் தடை. போர்வெல் மணல் அரித்து அதன் விட்டம் 10 சதவீதம் பெருத்தால் போதும், 100 பார் 68 ஆகிவிடும். பழி பம்பின் தலையில் விழும், மெக்கானிக்குக் கூலியும் போகும். பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு ஃபில்டர் போட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

தூரமும் ஒரு கணக்குதான். 25 டிகிரி நாசில், 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 13 செ.மீ. அகலத்துக்கு விரியும். பாதி தூரம் நெருங்கினால் அகலமும் பாதியாகி, அதே விசை குறுகிய இடத்தில் இறங்கும். சக்கர பேரிங்கின் சீல் இந்த அடிக்காகச் செய்யப்பட்டதல்ல. நீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுக்கும். பளபளவென்று போன வண்டி பிறகு சக்கரத்தில் சத்தத்தோடு திரும்பி வரும்.

தோலைத் துளைக்க 7 பாரே போதும். செருப்புக் காலோடு துப்பாக்கி பிடிக்கும் பையனுக்கு முதல் செலவாக பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பட்டுவிட்டால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சோப்பும் அழுக்கும் தசைவரை பரவியிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.