மேற்கோளும் மூலமும்

குறிஞ்சிப்பிட்டியில் வளர்ந்த மாணவர் ஒருவர், கற்பிட்டிக் கடற்கரையைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதப் புகுகின்றார் என்று கொள்வோம். அவருக்கு முதலிற் கைகொடுப்பவர் அயலூர்க்காரரே. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களை விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை 1834இலும், புலவர் வரலாறுகளைக் கூறும் ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலை 1859இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

“காசிச்செட்டி கூறியுள்ளார்” என்று எழுதிவிட்டால் போதாதா? போதாது. ‘தமிழ் புளூராக்’ 1946இல் மீண்டும் அச்சேறியபோது தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகள் அதனுடன் சேர்ந்தன. பதிப்பையும் பக்கத்தையும் குறியாது விட்டால், பேராசிரியரின் குறிப்பைக் காசிச்செட்டியின் தலையில் ஏற்றியவராவோம். இன்னுமொன்று: ஆனல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ காசிச்செட்டியின் நூலைத் தழுவி எழுந்தது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்பதால் சாட்சிகள் இருவர் ஆகிவிடார்.

ஆசிரியர், நூல், பதிப்பு, வெளியிட்ட இடம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எவ்வரிசையில் எழுதுவது என்பது துறைக்குத் துறை வேறுபடும். காற்புள்ளியா, முற்றுப்புள்ளியா என்று மல்லாடுவதில் பயனில்லை. துறையினர் வகுத்த முறையை இறுதிவரை ஒரே சீராகக் கொண்டாற் போதும். பிறர் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோட் குறிக்குள் இடுக. கருத்தை மட்டும் எடுத்து நம் நடையில் எழுதினாலும் மூலத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மாணவர் பெரிதும் வழுக்கி விழுவது இவ்விடத்திலேதான்.

நம் பழைய உரையாசிரியர் பலர் மேற்கோளின் நூற்பெயரைச் சொல்வதில்லை. கற்போர் அந்நூல்களை அறிந்திருந்த காலம் அது. ஆனால் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் “என்றார் பிறரும்” என்று மட்டும் சொல்லி நகர்ந்த அடிகளின் இருப்பிடத்தை ஏட்டுச் சுவடிகளில் தேடித் தேடி அலுத்தார். அவற்றுட் பல, அன்று பெரும்பாலோர் கண்டறியாத சங்க நூல்களில் இருந்தன. நூற்பெயர் ஒன்று எழுதப்பட்டிருந்தால் எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும்!

அச்சேறாத செய்தியும் மூலமே. குறிஞ்சிப்பிட்டிக் கரையில் முதிய மீனவர் ஒருவர் கடற்காற்றைப் பற்றிச் சொன்னால், அவர் இசைவுடன் பெயரையும், உரையாடிய இடத்தையும், நாளையும் குறிக்க வேண்டும். அதையும் அன்றிரவே எழுதிவிடுவது நன்று. கட்டுரை எழுதும் நாளில் தேடிப் போனால், அவர் கடலுக்குப் போயிருக்கக் கூடும்.