உங்களுக்குத் தெரியுமா? வாய் மறைக்கும் டென்ஷனை உடம்பு மறைக்காது

உதடு மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தெரியுமா? இரண்டுக்கும் நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் தாடை ஓய்வில் இருக்கிறது என்று அர்த்தம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும் அவை சேர்ந்தால் போதும். இந்த வரியைப் படிக்கிற இந்த நொடியில் உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். காதுக்குச் சற்று முன்னால் கன்னத்தில் இரண்டு விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் ஒரு தசை புடைத்து எழும். டென்ஷனில் இருப்பவருக்கு அந்தத் தசை அவருக்கே தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னாலும் தூக்கத்திலும் இறுகிக்கொண்டே இருக்கும். காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டில் வலி, கன்னத்தின் உட்புறத்தில் பல் அழுந்திய வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், காரணம் தெரியாமல் கூசும் பல், இதெல்லாம் அதன் அடையாளங்கள். சொத்தை என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போகிறவர்களில் சிலருக்குச் சொத்தையே இருக்காது.

தாடைக்கு அடுத்தது தோள். பெங்களூரில் விவேக் நகரிலிருந்து கோரமங்களா பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஈஜிபுரா மேம்பாலத் தூண்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டரை கிலோமீட்டர் பாலம். 2017-இல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் தூரம் போகச் சராசரியாக 34 நிமிடம் பிடித்தது. அந்தப் பாலத்தடிச் சிக்னலில் நிற்கும் டூ-வீலர்காரர்களின் தோளைக் கவனியுங்கள். வண்டி நின்றுவிட்டது, கால் தரையில் ஊன்றியிருக்கிறது. ஆனால் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியேதான் இருக்கும், விரல்கள் ஹேண்டில்பாரை விட்டிருக்காது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரபீசியஸ் என்னும் தசை, கைக்கு எந்த வேலையும் இல்லாதபோதும் மன அழுத்தத்தில் தானாக இறுகும். லேசான இறுக்கம்தான், ஆனால் விடாமல் நீடிக்கும். வலி அங்கேதான் பிறக்கிறது. இரவில் தைலம் தேய்த்துக்கொண்டு, பள்ளம் மேட்டில் ஓட்டியதால் வந்த வலி என்கிறோம். பள்ளமும் ஒரு காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தும் தோள் இறங்கவில்லை என்றால் ரோட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

பயந்த பூனைக்கு வயிறு வேலை செய்யாமல் நின்றுவிடும். 1890-களின் கடைசியில் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், பூனைகளுக்கு உணவோடு பிஸ்மத் கலந்து கொடுத்து எக்ஸ்ரேயில் செரிமானத்தைப் பார்த்தார். பூனை மிரண்டதும் இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றது. ஆபத்து நேரத்தில் சண்டை போடவும் ஓடவும்தான் உடம்பு ரத்தத்தை அனுப்பும், சோறு செரிப்பதைத் தள்ளிவைக்கும். மேனேஜரின் மெசேஜ் வந்த பிறகு சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்பதுபோல் இருப்பதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம். மெடிக்கல் ஷாப்பில் 'கேஸ் ட்ரபுள்' என்று சொல்லி ஜெலுசில் வாங்குகிறவர்கள், அது எந்தக் கிழமையில் வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் டென்ஷனால்தான் அல்சர் வருகிறது என்று அடித்துச் சொல்வது சரியில்லை. பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியோ வலி மாத்திரைகளோ காரணம். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் வயிற்று வலி தொடர்ந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் மனசைப் பற்றிய பேச்சு.

வெயிலில் உடம்பு முழுக்க வியர்க்கும். மனக்கலக்கத்தில் முக்கியமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அக்குளும் வியர்க்கும். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தும் மவுஸ் பிசுபிசுக்கிறதா? பெங்களூர் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தலைமுடி கொட்டினால் பெங்களூரில் எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பட்டியல் நீளும். அந்தத் தண்ணீரில் முடி வறண்டு முரடாகும் என்பது உண்மை. கொத்துக் கொத்தாக வேரோடு வந்தால் மட்டும் காலண்டரை இரண்டு மூன்று மாதம் பின்னால் புரட்டிப் பாருங்கள். கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், வீட்டில் ஒரு சாவு, வேலை போனது என்று பெரிய அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து அவை உதிரும்போது அடி விழுந்த நாள் நமக்கு மறந்தே போயிருக்கும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் தூங்காமல் கிடந்தவருக்கு ஜூனில் சீப்பு நிறைய முடி வந்தால், ஷாம்புவை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும் அது திரும்ப முளைத்துவிடும் என்பது ஆறுதலான செய்தி. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நகமும் தேதி சொல்லும். நகத்தின் குறுக்கே பள்ளமாக ஓடும் கோட்டை 1846-இல் பிரெஞ்சு மருத்துவர் பொ விவரித்தார். உடம்பு கடுமையாகத் தவித்த நாட்களில் நகத்தின் வளர்ச்சி தடைபட்டதன் வடு அது. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. நகத்தின் அடியிலிருந்து கோடு 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பெரும்பாலும் கடுமையான உடல்நோய்தான் இதற்குக் காரணம், கடும் மனத்துயரிலும் இது வரலாம்.

நாம் எல்லோரும் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிறோம், தெரியுமா? நுரையீரலில் சுருங்கிப்போன சிறு காற்றறைகளை விரிக்க உடம்பு செய்யும் வேலை அது. டென்ஷனில் அது அடிக்கடி வரும். 'ஏன் இப்படி பெருமூச்சு விடுறே?' என்று வீட்டில் யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள், அவர்கள் உங்களைக் கவனிக்கிறார்கள்.

வீட்டில் மறதி நோய் வந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கோ மகளுக்கோ கத்திக்காயம் ஆற நாளாகிறதா? 1995-இல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு இதைச் சோதித்தது. மறதி நோயாளிகளைக் கவனித்துவந்த 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சிறு காயம் செய்து ஆறும் வரை பார்த்தார்கள். கவனித்துக்கொள்பவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் அதிகம் ஆனது. இவர்களை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை, மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவராகவே பார்க்கிறோம். இந்த ஆய்வைத் தமிழ் வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு மெழுகுவர்த்தியும் பூவுமாக வரும் கூட்டத்தில், பெண்கள் பேசிக்கொள்வதில் நிறைய உடம்பைப் பற்றியது. கை கால் அசதி, முதுகு வலி, உள்ளங்கால் எரிச்சல். 'மனசு சரியில்லை' என்று யாரும் தொடங்குவதில்லை, 'உடம்பு முடியலை' என்றுதான் தொடங்குவார்கள். அதைக் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான பெண்களிடம் விக்ரம் படேல் குழு நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாதக்கணக்கில் அசதி என்று சொன்னவர்களுக்கு ரத்தசோகையோடு அந்த அசதிக்குத் தொடர்பு தெரியவில்லை. வறுமையோடும் மனத்துன்பத்தோடும்தான் அது அழுத்தமாகப் பிணைந்திருந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அக்கா 'ஒரே அசதி' என்று சொன்னால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும், 'வீட்டுல எல்லாம் எப்படிக்கா இருக்கு?' என்று ஒரு கேள்வியும் வேண்டும்.

சங்கப் புலவர்கள் இதை முன்பே பார்த்தவர்கள். பிரிவுத்துயரைத் தலைவி வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே கைவளை கழன்று விழும், நெற்றியில் பசலை படரும். உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவதற்கென்றே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று தனி இயல் வைத்திருக்கிறது. சாப்பாடு குறைந்து வளையல் தளர்வது இன்றைக்கும் டாக்டர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அறிகுறி.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலியை டென்ஷன் கணக்கில் எழுதவே கூடாது. பெருந்துயரில் இதயத்தின் கீழ்ப்பாகம் பலூன்போல் உப்பிப்போகும் டகோட்சுபோ என்னும் நிலையை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. மாரடைப்புக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுத்துவிட வேண்டும். கணவர் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டரில், ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அது 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரிந்தது. அந்த மருத்துவமனை வாசலுக்குள் போகத் தயங்குகிறவர்களுக்காக 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் தொலைபேசி உதவி இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பேரோ பெரிய வியாதியோ சொல்ல வேண்டியதில்லை. 'ரெண்டு மாசமா தூக்கம் வரலை, பல்லு வலிக்குது' என்று ஆரம்பித்தாலே போதும்.