பங்காளிகள் கட்டிய கோட்டை

ஜெர்மனியில், மோசெல் ஆற்றில் கலக்கும் சிற்றோடை ஒன்று மூன்று புறமும் வளைந்தோட, நடுவே 70 மீட்டர் உயரப் பாறையில் நிற்கிறது எல்ட்ஸ் கோட்டை. 1268ஆம் ஆண்டில் எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்னும் உடன்பிறந்தார் மூவர் சொத்தைப் பிரித்துக்கொண்டனர். கோட்டையைக் கூறுபோட இயலுமா? ஒரே முற்றத்தைச் சுற்றி அவரவர் வழியினர் தனித்தனி வீடுகள் எழுப்பினர். பாறையில் இடம் குறைவு. ஆதலால் வீடுகள் 35 மீட்டர் வரை மேல்நோக்கி வளர்ந்தன. உரிமைகளையும் கடமைகளையும் எழுத்துமூல உடன்படிக்கை வரையறுத்தது. பங்காளிக் காய்ச்சலை அறிந்த நமக்கு இது வியப்பே!

1331இல் டிரியர் பேராயர் பால்ட்வின் இதனை முற்றுகையிட்டார். எதிரே ஒரு சிறுகோட்டை கட்டிக் கற்குண்டுகளை எறிவித்தார். எல்ட்ஸ் குடும்பம் பணிந்தது, கோட்டை பிழைத்தது.

1472இல் முடிவுற்ற ரூபெனாக் கிளையாரின் வீட்டில் ஒரு நுட்பம் உண்டு. இறைவனுக்கு மேலே மனிதர் குடியிருத்தல் ஆகாது என்பது அவர்தம் நம்பிக்கை. அடுக்குமாடி வீட்டில் என் செய்வது? சுவருக்கு வெளியே நீட்டிய மாடத்தில் வழிபாட்டிடத்தை அமைத்துவிட்டனர்; அதன்மேல் வானந்தான்.

1815இல் ரூபெனாக் பங்கைக் கெம்பெனிக் கிளையார் விலைக்கு வாங்க, கோட்டை முழுவதும் ஒரு கைக்கு வந்தது. இன்றும் அக்கிளையாரே அதன் உரிமையாளர்.