பருத்திமாரிலிருந்து எரிகட்டி

பருத்தி எடுத்து முடிந்ததும் மாரைப் பிடுங்கி வரப்போரம் குவிப்பதும், பின்பு தீ வைப்பதும் பல இடங்களில் வழக்கமாக உள்ளது. ஒரு கிலோ காய்ந்த மார் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் தரக்கூடியது. நம் நாட்டு நடுத்தர நிலக்கரிக்கு இது அதிகம் குறைந்ததல்ல. ஆயினும் மாரை அப்படியே லாரியில் ஏற்றினால் இடத்தை அடைக்குமே தவிர எடை ஏறாது. வாடகையே விலையைத் தின்றுவிடும்.

மாரைத் தூளாக்கி எந்திரத்தில் மிகுந்த அழுத்தம் கொடுத்தால் இறுகிய கட்டியாகிறது. பசை சேர்ப்பதில்லை. அப்போது உண்டாகும் சூட்டில் செடியிலுள்ள லிக்னின் என்ற பொருள் இளகித் தூளைப் பிணைக்கிறது. பெரிய உருளையாக வருவது எரிகட்டி. 6 முதல் 10 மி.மீ. பருமனில் வருவது பெல்லட். 2021-ல் மத்திய அரசு, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியுடன் 5 சதம் பெல்லட் கலந்து எரிக்க வேண்டுமெனப் பணித்தது.

எந்திரம் வாங்குவது சிறு உழவருக்குக் கட்டுப்படியாகாது. மாரைக் காயவைத்து ஆலைக்கு விற்பதே நமக்கு ஏற்றது. தூளில் ஈரம் 10 சதம் அளவில் இருக்கவேண்டும். மிகுந்தால் உள்ளே நீராவி கிளம்பிக் கட்டி வெடிக்கும்; அறவே காய்ந்தாலும் பிடிக்காது. 25 சதம் ஈரமுள்ள 100 கிலோ மாரை 10 சதத்திற்குக் காயவைத்தால் 83 கிலோதான் தேறும். வாங்குபவர் இந்தக் கணக்கை நன்கு அறிவார். நாமும் அறிந்துகொண்டு, பச்சை மாருக்கு என்ன விலை, காய்ந்ததற்கு என்ன விலை என்று இரண்டையும் கேட்டபின் பேரத்தை முடிக்கலாம்.

வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி உதறவும். மண் சாம்பலைக் கூட்டும். எந்திரத்தின் அச்சையும் தேய்க்கும். மாரை மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால், அதில் தங்கிய காய்களிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பயிருக்குப் பரவும். உடனே துண்டுகளாக வெட்டினால் விரைவில் காயும், புழுவுக்கும் இடமிராது.

நிலக்கடலைத் தொலியும் எரிகட்டிக்கு ஏற்றதே. நெல் உமியில் சாம்பல் 20 சதம் அளவுக்கு உள்ளது. அதை அரிசி ஆலைக் கொதிகலனில் நேரடியாக எரிப்பதே மேல். வைக்கோலை மாடு தின்னட்டும்.

வீட்டு உபயோகத்திற்கு எரிகட்டி வாங்குவோர் அதைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கிக் கூரையின் கீழ் வைக்கவும். ஒரு மழை நனைந்தால் மீண்டும் தூளாகிவிடும்.