மெட்டு பதிக்கும் கணக்கு

பேஸ் கிதாரைப் பார்த்திருப்பீர்கள். நான்கு தடித்த தந்திகள். அவற்றின் கீழே நீண்ட விரற்பலகை. பலகையின் குறுக்கே பளபளக்கும் உலோகக் கம்பிகள். வீணையில் உள்ளவற்றைப் போல இவையும் மெட்டுகளே. ஆனால் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் அமர்ந்தவை. சுருதி விலகினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கிதாரிலோ மரத்தை வாளால் அறுத்து, அந்தப் பள்ளத்தில் மெட்டை அடித்து இறக்குகிறார்கள். இடம் தவறினால் பலகையே வீண். கிதாரைக் கையால் செய்பவர் மிகவும் அஞ்சும் கட்டம் இதுதான்.

எங்கே அறுப்பது? தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இந்த இரு மடங்கை 12 சம விகிதப் படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு படி ஏறினால் அதிர்வெண் 1.05946 மடங்காகும். இதற்காக ஒவ்வொரு மெட்டும் தனக்கு முன் எஞ்சிய நீளத்தை 17.817-ஆல் வகுத்து, அவ்வளவு தள்ளி நிற்கிறது. 1951-இல் வெளிவந்த ஃபெண்டர் பிரெசிஷன் பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. இதில் முதல் மெட்டு 48.5 மி.மீ. தொலைவில் வரும், 19, 20-ஆம் மெட்டுகளின் இடைவெளியோ 16.2 மி.மீ. மட்டுமே. மெட்டுகள் போகப் போக நெருங்குவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

கருவித் தச்சர்கள் வெகுகாலம் 17.817-க்குப் பதிலாக 18 என்றே கொண்டனர். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581-இல் எழுதிய நூலில் இம்முறையைக் கூறியுள்ளார். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 17/18-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 0.5 வர வேண்டும், வருவதோ 0.5036. நமது பேஸில் இது 3 மி.மீ. பிழை! ஆயினும் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. விரல் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறும்; 18 என்ற எண் தந்த தாழ்வை அது ஓரளவு ஈடுசெய்தது.

அளக்கும்போது ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்கு அளக்கக் கூடாது. அரை மி.மீ. பிழை இருபது முறை சேர்ந்தால் 10 மி.மீ. ஆகிவிடும். எல்லா அளவுகளையும் தலைப்பக்கத்துக் கட்டையிலிருந்தே எடுக்க வேண்டும்.

விரற்பலகைக்கு நம் நாட்டு ஈட்டி மரம் உலகெங்கும் விரும்பப்படுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள இம்மரத்துக்கு வார்னிஷ் வேண்டியதில்லை. பலகையின் மேற்புறத்தைக் குறுக்குவாட்டில் இலேசாக வளைவாக இழைத்து, உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். மெட்டுக் கம்பி 'நிக்கல் சில்வர்' எனப்படும். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை தாமிரம், துத்தநாகம், நிக்கல். கம்பியைப் பலகையைவிடச் சற்று அதிகமாக வளைத்து, முதலில் இரு முனைகளையும் பிறகு நடுப்பகுதியையும் அடித்து இறக்குவர். பள்ளம் மிகக் குறுகலாக இருந்தால் இருபது மெட்டுகளும் இருபது ஆப்புகளாகி, கழுத்தையே பின்னோக்கி வளைத்துவிடும்.

அடுத்து மெட்டுகளின் உச்சியில் மை பூசி, நேரான அரத்தால் நீளவாக்கில் தேய்க்கிறார்கள். மை அழியாத மெட்டு தாழ்ந்தது. எல்லாவற்றிலும் மை அழியும்வரை தேய்க்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்து நின்றாலும் அதிரும் தந்தி அதில் உரசி இரையும். தட்டையான உச்சிகளைப் பின்னர் மீண்டும் உருட்டாக்குவர்.

முனைகளைச் சாய்வாக அராவி மழுக்கினாலும், வறண்ட கோடையில் அவை மறுபடி விரலை நெருடக்கூடும். ஈரம் வற்றி மரம் சுருங்குகிறது; உலோகம் அப்படிச் சுருங்குவதில்லை. ஆகவே நன்கு உலர்ந்த மரத்தில்தான் மெட்டு பதிப்பார்கள்.